40 என்று வந்து நின்ற எண்

நேற்று ராத்திரி 2 மணி வரை என் கணினி நிரலோடு மல்லுக்கட்டினேன். அணுக்கருவின் கூடு மாதிரியில் (கருவின் துகள்கள் கூடு கூடாக நிரம்புகின்றன என்று கொள்ளும் கணக்கு) 2, 8, 20க்குப் பிறகு 28, 50 என்று மாய எண்கள், அதாவது கூடுகள் முழுதாக நிரம்பும் புரோட்டான் அல்லது நியூட்ரான் எண்ணிக்கைகள், வரவேண்டும். எனக்கோ 40, 70 என்றே வந்தது. கடைசியில் பார்த்தால், தற்சுழற்சி-பாதை இணைப்பின் (துகளின் தன் சுழற்சிக்கும் அது சுற்றும் பாதைக்கும் உள்ள பிணைப்பு) வரிக்கு முன்னால், அதை இயங்காமல் நிறுத்தச் சோதனைக்காக நானே போட்ட குறியை எடுக்க மறந்திருக்கிறேன்! 1949இல் இயற்பியலாளர்கள் மரியா கோப்பர்ட் மேயரும் யென்சனும் இந்த மாதிரியின் சமன்பாட்டில் தனித்தனியே சேர்த்த அதே உறுப்புதான்.

பகலில் என் வேலை ஈயப் படலங்களோடு. கருவில் புரோட்டானும் நியூட்ரானும் அடைபட்டுக் கிடக்கிற மாதிரி, இங்கே எலக்ட்ரான்கள் சில அணு அடுக்குகளுக்குள் நின்ற அலைகளாகச் சிக்கிக்கொள்கின்றன. ஈயத்தில் ஓர் அடுக்கு சுமார் 0.286 நானோமீட்டர், எலக்ட்ரானின் ஃபெர்மி அலைநீளத்தில் (உலோகத்தில் மிக அதிக ஆற்றலோடு இருக்கும் எலக்ட்ரான்களின் அலைநீளம்) பாதி சுமார் 0.53. இரண்டு அடுக்குக்கு ஓர் அரை அலை, கிட்டத்தட்ட. அதனால் படலத்தின் நிலைப்புத்தன்மை, அடுக்குகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதைப் பொறுத்து மாறி மாறி ஆடுகிறது. அந்தக் 'கிட்டத்தட்ட'தான் குறும்புக்காரன்: சில அடுக்குகள் தாண்டியதும் ஒற்றையும் இரட்டையும் இடம் மாறிவிடும். முதல் தடவை வரைபடத்தில் அதைப் பார்த்தபோது, மறுபடி ஏதோ வரியை விட்டுவிட்டேன் என்றே நினைத்தேன்.