காலையில் ஊமை, மதியத்தில் பேச்சு: மூன்று வாரம் அலையவிட்ட ஒரு கிரவுண்ட் கால்

நேற்று காலை ஆறரை மணிக்கு, ஜன்னல் கண்ணாடியில் பனி வழிந்துகொண்டிருக்கும்போதே ரிசீவர் பேசியது. 7 மெகாஹெர்ட்ஸில் யாரோ இரண்டு அமெச்சூர் ரேடியோக்காரர்கள் ஆன்டெனா உயரத்தைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தார்கள். நானே சோல்டர் செய்து முடித்து, மூன்று வாரமாக இந்த நேரத்தில் ஒரு முனகல்கூட வராத போர்டு அது. டீ ஆறிப்போகும்வரை அப்படியே உட்கார்ந்து கேட்டேன்.

கிட் எளிமையானதுதான். 40 மீட்டர் (அதாவது 7 மெகாஹெர்ட்ஸ்) டைரக்ட் கன்வெர்ஷன் ரிசீவர்: வரும் சிக்னலை ஒரே படியில் நேராக ஆடியோவாக மாற்றும் வகை. மிக்ஸருக்கு எஸ்.ஏ.612 ஐ.சி., ஆடியோவுக்கு எல்.எம்.386 ஐ.சி., சுற்றிலும் நாற்பது சொச்சம் உதிரிகள். ஜனவரி முதல் வாரத்தில் மூன்று மாலைகளில் முடித்தேன். மதியம் சப்ளை கொடுத்ததும் வேலை செய்தது. மறுநாள் காலை ஊமை. பதினொரு மணிக்கு மேஜைமேல் வெயில் விழுந்ததும் கொரகொரவென்று ஆரம்பித்து, அப்புறம் தெளிவாகப் பேசியது. அதற்கடுத்த நாளும் அதே கதை.

கோத்தகிரியில் ஜனவரி விடியலில் என் அறைக்குள்ளேயே 11 டிகிரிதான் இருக்கும். அதனால் குளிரில் ஆசிலேட்டர் நகர்ந்துவிடுகிறது என்று முடிவு கட்டி, அதன் கெப்பாசிட்டர்களை எல்லாம் கழற்றி வெப்பம் மாறினாலும் மதிப்பு மாறாத என்.பி.ஓ வகைக்கு மாற்றினேன். ஒரு வாரம் போனது. பிறகு ஆன்டெனா வயரைச் சந்தேகப்பட்டு மாற்றிக் கட்டினேன். அதுவும் இல்லை. கடைசியில் வீட்டில் இருந்த ஹேர் டிரையரை எடுத்து, காலைக் குளிரில் போர்டின் ஒவ்வொரு மூலையாகக் காட்டிக்கொண்டே வந்தேன். எல்.எம்.386 பக்கம் வந்ததும் உயிர் வந்தது.

இடம் தெரிந்துவிட்டது, ஆனால் மல்டிமீட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. எந்த ஜாயின்ட்டில் வைத்தாலும் பீப் அடித்தது. மார்க்கெட் பக்கம் பழைய டிவி ரிப்பேர் செய்யும் அண்ணனிடம் போர்டை எடுத்துக்கொண்டு போனேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “தம்பி, பீப்பை நம்பாதீங்க. ஊசியை வச்சு அழுத்துனா விரிசல் மூடிக்கும். சப்ளை குடுத்துட்டு வோல்டேஜ் பாருங்க. கிரவுண்ட் கால்ல வோல்டேஜ் நின்னா அது டிரை சோல்டர்தான்.”

கிரவுண்ட் கால் என்பது ஐ.சி.யைச் சப்ளையின் மைனஸ் பக்கத்தோடு சேர்க்கும் கால். டிரை சோல்டர் என்றால் ஒட்டியதுபோலத் தெரிந்தாலும் சரியாக ஒட்டாத ஜாயின்ட். மறுநாள் விடியலில், ஜாயின்ட்டைத் தொடாமல், மேல்பக்கம் எல்.எம்.386இன் கிரவுண்ட் காலான நாலாவது காலுக்கும் போர்டின் கிரவுண்ட் செப்புப் பரப்புக்கும் நடுவே அளந்தேன். பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் 7 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் காலைச் சுற்றி மயிரிழை போல ஒரு கறுப்பு வளையம். சூட்டில் விரிந்து ஒட்டிக்கொள்ளும், குளிரில் சுருங்கி விட்டுவிடும்.

மற்ற எல்லாக் கால்களும் நன்றாக இருக்க, இது மட்டும் ஏன் இப்படி ஆனது என்றுதான் இந்த மூன்று வாரத்தில் அதிகம் யோசித்தேன். இந்தக் கால் போகும் பேட் (காலைச் சோல்டர் செய்யும் சின்னச் செப்பு வட்டம்) நேராகப் பெரிய செப்புப் பரப்போடு சேர்கிறது. போர்டை வரைந்தவர் மற்ற கிரவுண்ட் பேட்களுக்கு மெல்லிய நாலு ஆரங்கள் விட்டிருக்கிறார், இதற்கு விடவில்லை. நாம் கொடுக்கும் சூட்டை எல்லாம் அந்தச் செப்பு உறிஞ்சிக்கொள்ளும். கால் சூடாகும், பேட் ஆகாது. ஈயம் காலில் பிடித்துக்கொண்டு, பேட்மேல் சேப்பங்கிழங்கு இலையில் நீர்த்துளி நிற்பதுபோல உருண்டு நிற்கும். மேலிருந்து பார்த்தால் பளபளப்பாகத்தான் தெரியும். ஓரத்தைப் பார்க்க வேண்டும். ஈயம் பேடில் படர்ந்து, காலை நோக்கி உட்குழிவாகச் சரிந்து ஏறியிருக்க வேண்டும். உருண்டையாக நின்றால் நம்பவே கூடாது.

இன்னொரு காரணம் எங்கள் ஊருக்கே உரியது. நான் சோல்டர் செய்தது மாலை ஏழு மணிக்குமேல். அந்த நேரத்தில் எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்கும். அளந்தபோது 185. என்னிடம் இருந்தது கன்ட்ரோல் எதுவும் இல்லாத 25 வாட் அயர்ன். வாட் வோல்டேஜின் இருமடியைப் பொறுத்தது. 230க்குச் செய்த அயர்ன் 185இல் 16 வாட்தான் தரும். அறையோ குளிர், போர்டோ குளிர். இந்த 16 வாட்டை வைத்துக்கொண்டு அவ்வளவு செப்பைச் சூடாக்கப் பார்த்திருக்கிறேன்! இதே கிட்டைச் சென்னையில் மே மாதம் செய்பவருக்கு இந்தத் தொல்லை இவ்வளவு வந்திருக்காது. மலையில் இருப்பவர்கள் தயவுசெய்து அயர்னைச் சொருகும் முன் பிளக்கில் வோல்டேஜ் பாருங்கள்.

சரி, இப்போது செய்யும் முறை. டெம்பரேச்சர் கன்ட்ரோல் உள்ள 60 வாட் ஸ்டேஷன் ஒன்று வாங்கிவிட்டேன். சாதாரணப் பேடுக்கு 340, கிரவுண்டுக்கு 380. ஆனால் டிகிரியைவிட டிப்தான் பெரிய வித்தியாசம். ஊசி முனை டிப்பைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டேன். 2.4 மில்லிமீட்டர் உளி முனை டிப்பின் தட்டைப் பக்கம் பேடையும் காலையும் ஒரே நேரத்தில் தொடும். தொடும் முன் டிப்பில் துளி ஈயம் வைத்துக்கொள்ள வேண்டும், அந்தத் துளிதான் சூட்டைக் கடத்தும் பாலம். கிரவுண்ட் காலில் ஈயம் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் கொஞ்சம் தடவி, டிப்பை வைத்து மூன்று எண்ணி, எதிர்ப்பக்கத்திலிருந்து கம்பியைக் கொடுக்கிறேன். டிப்பில் அல்ல, பேடில். பேட் தானாக உருக்க வேண்டும். படர்ந்தபிறகும் ஒரு நொடி அயர்னை எடுக்காமல் வைத்திருந்தால், ஈயம் துளைக்குள் இறங்கி மறுபக்கம் எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்தபிறகே முதலில் கம்பியை எடுக்கிறேன், அப்புறம் அயர்னை. ஊதக் கூடாது, அசைக்கக் கூடாது.

பழைய ஜாயின்ட்டின்மேல் புது ஈயத்தை ஏற்றிச் சரிசெய்யலாம் என்று முதலில் பார்த்தேன். அது வீண். கறுத்துப்போன காலில் ஈயம் ஒட்டாது. உருகிய ஈயத்தை உறிஞ்சும் சக்கர், செப்பு இழைப் பின்னலான விக் இரண்டும் போட்டுச் சுத்தமாக எடுத்து, காலை பிளேடால் லேசாகச் சுரண்டித்தான் மறுபடி வைத்தேன். இங்கே மழை மாதங்களில் டப்பாவில் கிடக்கும் உதிரிகளின் கால் எல்லாம் மங்கிவிடுகிறது. இனி புது உதிரிகளைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிவைக்கப் போகிறேன்.

ஈயம் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பு ஒரு கடையில் 60/40 (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) என்று ஒட்டி விற்ற கம்பி, உருகினால் களிமண் மாதிரி இழுத்தது. என்ன கலந்திருந்ததோ, தூக்கி எறிந்துவிட்டேன். இப்போது 0.8 மில்லிமீட்டர் 63/37 மட்டும்தான். அது 183 டிகிரியில் சட்டென்று உறையும். 60/40 சுமார் 190இல் தொடங்கி 183 வரை குழகுழவென்று இருக்கும், அந்த நேரத்தில் கை நடுங்கினால் ஜாயின்ட் கெட்டது. ஈயமில்லாத கம்பி வைத்திருப்பவர்கள் பளபளப்பை வைத்துத் தரம் பார்க்காதீர்கள், அது நன்றாக ஒட்டினாலும் மங்கலாகத்தான் தெரியும். இதையெல்லாம் வாங்குவதற்குக் கோயம்புத்தூர் காந்திபுரம் இறங்கினால் போதும். சென்னை போகும் வேலை இருந்தால் ரிச்சி தெருவில் டிப்புகளையும் சேர்த்து வாங்கிவிடுவேன்.

குளிருக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு வேலை செய்தால் ரோசின் புகை நெஞ்சைப் பிடிக்கிறது. பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றைப் புகையை இழுக்கும் திசையில் திருப்பி வைத்திருக்கிறேன். ஊதும் திசையில் வைத்தால் ஜாயின்ட் குளிர்ந்துவிடும்.

போன வருடம் முத்தொரையில் ஊட்டி ரேடியோ தொலைநோக்கியைப் பார்க்கப் போயிருந்தேன். 1970இல் கட்டியது. 530 மீட்டர் நீளம், குவியக் கோட்டில் 1056 டைபோல் ஆன்டெனாக்கள். அன்று அதன் அளவைப் பார்த்து வியந்ததோடு சரி. இப்போது நினைத்தால், அத்தனை இணைப்புகளும் ஊட்டி உறைபனியிலும் மழையிலும் விடாமல் நிற்க வேண்டுமே என்றுதான் தோன்றுகிறது. அடுத்தமுறை போகும்போது யாராவது விளக்க முன்வந்தால் அதைத்தான் கேட்பேன்.

ரிசீவருக்கு இன்னும் பெட்டி செய்யவில்லை. அதற்குள் டிரான்ஸ்மிட்டர் பக்க ஃபில்டருக்கு டொராய்டு (வளைய வடிவக் கோரில் சுற்றும் காயில்) சுற்ற ஆரம்பித்துவிட்டேன். கோர் டி37-2, சிவப்பு, 16 சுற்று, ஒரு மைக்ரோஹென்றிக்குக் கிட்ட வரும். எனாமல் கம்பியின் நுனியைச் சுரண்டாமல் ஈயத்தில் முக்கியே எனாமலை எரிக்க முடியுமா என்று பார்க்கிறேன். ஒரு சுருள் கம்பிக்கு 400 டிகிரியில் எரிந்தது, இன்னொன்றுக்கு அசையவே இல்லை. அதைச் சுரண்டித்தான் ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வெயில் வந்ததும், வோல்டேஜ் 220க்கு மேல் இருக்கும்போது உட்காரப் போகிறேன்.