ரிப்ளியா, டால்பாயா?

2019-ம் வருடக் கடைசியில் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒரே கேள்விதான். ஐபிஸ் ரிப்ளி வாங்குவதா, சான்டா குரூஸ் டால்பாய் வாங்குவதா? இரண்டும் மலைப்பாதையில் ஓட்டுகிற மவுன்டன் பைக் சைக்கிள்கள். ஆபீஸில் மீட்டிங் நடக்கும்போது இன்னொரு ஜன்னலில் இரண்டு வண்டிகளின் அளவு அட்டவணையும் திறந்தே இருக்கும். அதுவரை என்னிடம் இருந்தது பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்ட்டெயில். வீடு கலிஃபோர்னியாவில், சான் ஹோசேயின் தெற்கு மூலையில், சான்டா தெரசா கவுன்டி பார்க்குக்குப் பக்கத்தில். அங்கே ராக்கி ரிட்ஜ் என்று ஒரு டிரெயில், அதாவது மலைப்பாதை, இருக்கிறது. பேரில் பாதி பாறை, தரையில் முக்கால்வாசி பாறை. அதில் ஹார்ட்டெயிலை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் காபி டம்ளரைப் பிடிக்கக்கூட விரல்கள் ஒத்துழைக்காது.

வேறு எத்தனையோ கம்பெனிகள் இருக்க, ஏன் இந்த இரண்டில் போய் நின்றேன் என்றால், இரண்டுமே பக்கத்து ஊர்க்காரர்கள். ஹைவே 17-ல் மலையைத் தாண்டினால் சான்டா குரூஸ். ஐபிஸ், சான்டா குரூஸ் பைசிக்கிள்ஸ் இரண்டுக்கும் தலைமையகம் அந்த ஊர்தான். சோதித்துப் பார்க்கும் காடும் நாங்கள் ஞாயிற்றுக்கிழமை போகிற அதே காடு. கார்பன் ஃப்ரேம் வருவது ஆசியாவிலிருந்துதான், அது வேறு கதை.

ஒற்றுமை அதோடு நிற்கவில்லை. இரண்டும் 2019-ல் வந்த நாலாம் தலைமுறை மாடல்கள். இரண்டுக்கும் 29 இஞ்ச் சக்கரம், முன்னால் 130 மில்லிமீட்டர், பின்னால் 120 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன், அதாவது சக்கரம் மேலே எழும்பக்கூடிய தூரம். கார்பன் ஃப்ரேமில் விலை குறைந்த வகையை எடுத்தால் இரண்டிலும் ஸ்ராம் என்எக்ஸ் ஈகிள், அதாவது 12 கியர், 11-லிருந்து 50 பல் வரை கேசட் என்கிற பின் பல்சக்கர அடுக்கு. அப்போது விலை இரண்டும் நாலாயிரம் டாலரைக் கொஞ்சம் தாண்டி. அதற்கு மேல் ஒன்பது சதவீதத்துக்குக் குறையாத விற்பனை வரி. மீடியம் சைஸில் ரீச் என்று சொல்கிற அளவு, அதாவது பெடல் அச்சிலிருந்து ஹேண்டில்பார் கழுத்து வரை முன்னோக்கிய நீளம், அதுகூட இரண்டிலும் 450 மில்லிமீட்டரை ஒட்டித்தான்.

திண்டுக்கல்லில் இருக்கும் அப்பாவிடம் வீடியோ காலில் இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். இந்த விலையில் பெடல் சேராது, தனியாக வாங்க வேண்டும் என்று நான் சொன்னதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பெடல் இல்லாம சைக்கிள் விக்கிறானா? அதை வாங்க நீ ரெண்டு கடை ஏறி இறங்குறியா?” பின்னாலிருந்து அம்மா, “ஸ்டாண்டாவது இருக்கா?” என்றார். ஸ்டாண்டும் இல்லை, மட்கார்டும் இல்லை, மணியும் இல்லை. அன்றைக்கு அந்தப் பேச்சை அதற்கு மேல் வளர்க்கவில்லை.

சரி, எல்லாம் ஒன்றுபோல இருந்தால் வித்தியாசம் எங்கே? அட்டவணையில் கண்ணில் பட்டது ஹெட் ஆங்கிள். முன் ஃபோர்க் தரையோடு சேரும் கோணம் அது. ரிப்ளியில் 66.5 டிகிரி. டால்பாயில் ஒரு சின்ன உலோகத் துண்டைத் திருப்பி வைத்து 65.7 அல்லது 65.5 ஆக்கிக்கொள்ளலாம். ஒரு டிகிரிதானே என்று தோன்றும். கோணம் குறையக் குறைய முன்சக்கரம் நம்மை விட்டு முன்னால் தள்ளிப் போகும். செங்குத்தான இறக்கத்தில், சக்கரம் ஒரு பாறையில் முட்டினாலும் ஹேண்டில்பாருக்கு மேலே பறக்கிற பயம் குறையும். அதே சமாச்சாரம் ஏற்றத்தில், மெதுவாகத் திரும்ப வேண்டிய கொண்டை ஊசி வளைவில், நமக்கு எதிராக வேலை செய்யும். முன்சக்கரம் லேசாகி, அது போகிற போக்கில் அலையும்.

அடுத்தது பின் சஸ்பென்ஷன். பெடலை அழுத்தும்போது உடல் எடை பின்னால் சாய்ந்து, காற்று அடைத்த ஷாக் அமுங்கப் பார்க்கும். அதைச் செயினின் இழுவிசையைக் கொண்டே தடுக்கிற மாதிரி லிங்க் என்கிற இணைப்புக் கம்பிகளின் இடத்தை அமைக்கலாம். இதை ஆன்டி-ஸ்குவாட் என்பார்கள். ரிப்ளியில் இருக்கிற டிடபிள்யூ-லிங்க், டேவ் வீகிள் என்ற வடிவமைப்பாளருடையது. இந்த விஷயத்தில் அதற்கு நல்ல பெயர். டால்பாயில் இருப்பது விபிபி, அதாவது வர்ச்சுவல் பிவட் பாயின்ட். அதிலும் இரண்டு குட்டி லிங்க்தான், ஆனால் அவை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழலும். நாலாம் தலைமுறையில் ஷாக்கைக் கீழ் லிங்க்கோடு பொருத்திவிட்டார்கள். அதனால் அது ஃப்ரேமின் வயிற்றுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. பார்க்க அழகு. காற்று அடிக்கப் போனால் விரல் நுழையாது.

கூட ஓட்டுகிற மதுரைக்கார அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஐம்பது வயது, என்னைவிட நன்றாக ஏறுவார். அவருக்குச் சந்தேகமே இல்லை. “தம்பி, கணக்குப் போட்டுப் பாருங்க. ஏறுறது ஒரு மணி நேரம், இறங்குறது பத்து நிமிஷம். ஒரு மணி நேரத்துக்கு வண்டி வாங்குவீங்களா, பத்து நிமிஷத்துக்கு வாங்குவீங்களா? ரிப்ளி எடுங்க, பேசாம.”

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பல நாள் நானும் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தேன்.

டெமோ வண்டி கொடுக்கிற கடைகள் எங்கள் பக்கம் உண்டு. ஒரு நாள் வாடகை, வாங்கினால் விலையில் கழித்துக்கொள்வார்கள். ஒரு கடையில் ஊழியர், “பார்க்கிங் லாட்டில் ஒரு ரவுண்டு போங்க, தெரிஞ்சுடும்” என்றார். பார்க்கிங் லாட்டில் எல்லா சைக்கிளும் நல்ல சைக்கிள்தான். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை, ஆனால் அப்படிச் சொல்கிறவரிடம் நாலாயிரம் டாலரைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. வேறு இரண்டு கடைகளில் ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டையும் ஒரே பாதையில் ஓட்டினேன்.

டெமோ எடுக்கிறவர்கள் ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யுங்கள். ஷாக் பம்ப் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். கடையில் கொடுக்கும் வண்டி, முந்தின நாள் ஓட்டியவரின் எடைக்கு அமைத்தபடியே இருக்கும். 90 கிலோ ஆளுக்கு அடித்த காற்றில் 72 கிலோ ஆள் ஏறினால், எந்த வண்டியும் கட்டைவண்டியாகத்தான் தெரியும். இந்த இரண்டிலுமே ஷாக்கின் ஓட்டம் 45 மில்லிமீட்டர். ஏறி உட்கார்ந்ததும் அதில் 30 சதவீதம், அதாவது 13, 14 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். ஷாக்கின் தண்டில் இருக்கும் ரப்பர் வளையத்தை நகர்த்தி, அளந்து, சரியாக வரும்வரை காற்றை ஏற்றி இறக்கினேன். ரிப்ளியில் இரண்டு நிமிட வேலை. டால்பாயில் அந்த ஒளிந்த ஷாக்கோடு கட்டிப்புரண்டு பத்து நிமிடம் ஆனது.

டயரும் கணக்கில் வர வேண்டும். எனக்குக் கிடைத்த ரிப்ளியில் 2.6 இஞ்ச் டயர், அகல ரிம். டால்பாயில் 2.3 இஞ்ச் மேக்ஸிஸ் மினியன். அகல டயர் குறைந்த காற்றில் கல்லை உள்வாங்கிக்கொள்ளும். பாதி சொகுசு அதிலிருந்து வருவதை சஸ்பென்ஷனின் சாமர்த்தியம் என்று நம்பிவிடக் கூடாது.

ரிப்ளியில், அதே பார்க்கில் இருக்கிற கொயோட்டி பீக் ஏறினேன். அண்ணன் சொன்னது அத்தனையும் உண்மை. ஷாக்கை இறுக்கும் லீவரைத் தொடவே தேவையில்லை, மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் வண்டி முன்னால் துள்ளுகிறது. ஸ்டைல் ராஞ்ச் டிரெயிலில் இருக்கிற கல் நிறைந்த கொண்டை ஊசி வளைவுகளில் நான் வழக்கமாகக் கால் ஊன்றுகிற இடங்களில்கூட ஊன்றாமல் போனேன். இன்னொரு விஷயம், என் உயரம் 168 சென்டிமீட்டர், அதிலும் கால் குட்டை. ரிப்ளியில் சீட் ட்யூப் ரொம்பக் குட்டை, மேல்குழாய் தாழ்வு. வண்டியின் மேல் கால் போட்டு நிற்கும்போது ஒரு நிம்மதி. ட்ராப்பர் போஸ்ட்டை அழுத்தினால் சீட் எங்கோ பாதாளத்துக்குப் போய்விடும். குள்ளமானவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காக ரிப்ளி வாங்குகிறவர்களை நான் தப்பே சொல்ல மாட்டேன்.

டால்பாயில் அதே கொயோட்டி பீக். மோசமில்லை. லீவரை நடுவில் வைத்துக்கொண்டால் நன்றாகவே ஏறியது. கொஞ்சம் கனம் தெரிந்தது, வளைவில் முன்சக்கரத்தை அழுத்திப் பிடிக்க மூக்கை ஹேண்டில்பாருக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. உச்சியில் கடிகாரத்தைப் பார்த்தால், சில நிமிட வித்தியாசம். அவ்வளவுதான். அங்கே எனக்காக மாலையோடு யாரும் காத்திருக்கவில்லை.

அப்புறம் ராக்கி ரிட்ஜ். இறங்கும்போது ஒரு இடத்தில் பாதை இடது பக்கம் ஒடிந்து, முழங்கால் உயரத்துக்குப் பாறைப் படிகள் வரும். படி முடிகிற இடத்தில் சரளை. அந்த இடத்தில் நான் எப்போதும் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போவேன். ரிப்ளியில் வந்தபோது பிரேக் பிடித்து, யோசித்து, இறங்கிவிட்டேன். டால்பாயில் யோசிப்பதற்குள் கீழே இருந்தேன். எனக்கு வீரம் வந்துவிடவில்லை. முன்சக்கரம் போக வேண்டிய இடத்துக்கு முன்பே போய்விட்டது, பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன், படி முடிந்துவிட்டது. திரும்ப ஏறிப் போய் இன்னொரு முறை இறங்கிப் பார்த்தேன், தற்செயலோ என்று. இல்லை.

அண்ணனின் கணக்கில் எனக்குப் பிடிபடாமல் இருந்தது அங்கே பிடிபட்டது. ஏற்றத்தில் இரண்டு வண்டிக்கும் உள்ள வித்தியாசம் கடிகாரத்தில் தெரிகிறது. இறக்கத்தில் உள்ள வித்தியாசம், அந்த இடத்தை ஓட்டுகிறேனா, நடக்கிறேனா என்பதில் தெரிகிறது. நேரத்தை எடை போட்டால் அவர் சொல்வது சரி. நான் நேரத்தை எடை போடவில்லை. அவர் இறக்கத்தில் பயப்படாதவர், அதனால் அவருக்கு வண்டியிடம் வேண்டியது வேகம். என் போன்ற பயந்தாங்கொள்ளிக்கு வண்டியிடம் வேண்டியது மன்னிப்பு.

இதற்கு எதிராகவும் ஒரு வாதம் உண்டு. நன்றாக ஓட்டக் கற்றுக்கொண்டால் 66.5 டிகிரியிலேயே அந்தப் படியை இறங்கலாமே? இறங்கலாம். உலகமெங்கும் 69, 70 டிகிரி வண்டிகளில் இறங்கியவர்கள்தான் இந்த விளையாட்டையே வளர்த்தார்கள். இங்கிருந்து வடக்கே, மரின் கவுன்டியில், 1976-ல் ரீபேக் மலைச்சாலையில் பந்தயம் விட்டவர்களுக்கு சஸ்பென்ஷனும் இல்லை, ஒழுங்கான பிரேக்கும் இல்லை. அவர்களுக்கு இருபது சொச்சம் வயது. எனக்கு நாற்பத்தொன்று, வீட்டுக் கடன் பாக்கி.

கடைசித் தராசில் விழுந்தது பராமரிப்பு. சான்டா குரூஸ் முதல் உரிமையாளருக்கு ஃப்ரேமுக்கு ஆயுள் உத்தரவாதம் தருகிறது. பேரிங் தேய்ந்தால் இலவசமாக மாற்றுப் பேரிங் அனுப்புகிறது. கீழ் லிங்க்கில் கிரீஸ் அடிக்க ஒரு துளை உண்டு. ஐபிஸ் அப்போது ஃப்ரேமுக்கு ஏழு வருடம் தந்தது. அவர்களும் கீழ் லிங்க்கில் பேரிங்குக்குப் பதிலாக இருக்கும் புஷ்களை ஆயுளுக்கும் மாற்றித் தந்தார்கள். கோடையில் எங்கள் மலைகளில் மாவு போன்ற தூசி. அது பேரிங்கை என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியும் என்பதால், கிரீஸ் துளைக்கு நான் தேவைக்கு மேலேயே மதிப்புக் கொடுத்திருக்கலாம்.

2020 ஜனவரியில் டால்பாய் வாங்கினேன். மனைவி பில்லைப் பார்த்துவிட்டு, “கார் டயர் மாத்தணும்னு மூணு மாசமா சொல்றேன், இதுக்கு மட்டும் உடனே வந்துடுச்சே” என்றாள். அடுத்த வாரமே கார் டயரும் மாற்றப்பட்டது. அதற்குள் மழை வந்து, ஈரத்தில் பாதை கெடாமலிருக்க கவுன்டி டிரெயில்களைச் சைக்கிளுக்கு மூடிவிட்டார்கள். புது வண்டி ஹாலில் சோபாவில் சாய்ந்தபடி நின்றது, ஸ்டாண்டு இல்லாததால். சில மாதத்தில் கொரோனா வந்து, கடைகளில் எந்தச் சைக்கிளுமே கிடைக்காத நிலை. ஜனவரியில் முடிவெடுத்தது நல்லதாயிற்று.

பிறகு சான்டா குரூஸ் மலைகளில் இருக்கிற சொக்கெல் டெமான்ஸ்ட்ரேஷன் அரசுக் காட்டுக்கு அண்ணனோடு போனோம். ரெட்வுட் மரங்களுக்கு நடுவே ஃப்ளோ டிரெயிலில் சறுக்கி இறங்கிவிடலாம். திரும்பி வர ஹின்ஸ் மில் ரோட்டில் ஏறித்தான் ஆக வேண்டும், வேறு வழி கிடையாது. அந்த ஏற்றத்தில் அண்ணன் எனக்கு முன்னால் போய், காரில் பையை எடுத்து வைத்து, முறுக்கும் தின்று முடித்திருந்தார். “ரிப்ளியா இருந்தா உங்களுக்கும் ரெண்டு மிச்சம் இருந்திருக்கும்” என்றார்.

எனக்கு இப்போது இருக்கும் ஒரே குறை அந்த ஒளிந்த ஷாக்தான். ஒவ்வொரு முறை கழுவும்போதும் பழைய டூத் பிரஷ்ஷை விட்டுத் துழாவ வேண்டியிருக்கிறது. பின் டயர் தேய்ந்துவிட்டது. 2.3-லேயே வைப்பதா, 2.4-க்குப் போவதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அட்டவணை திறந்திருக்கிறது.