ஈசிஜிக்குப் படுத்தால் மட்டும் ஒழுங்காகிவிடும் நெஞ்சு

2017 ஆடி மாதம். பள்ளிக்கூடம் முடிந்து கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன், கையில் நாற்பது கட்டுரை நோட்டு, திடீரென்று நெஞ்சுக்குள் கூடையில் கொட்டிய கெண்டை மீன் மாதிரி ஒரு துள்ளல். வேகமாக அடிப்பது வேறு, மாடி ஏறினால் எல்லோருக்கும்தான் அடிக்கும். இது தாளமே இல்லாமல், ரெண்டு ஒட்டி ஒட்டி, ஒன்று விட்டு, அப்புறம் நாலைந்து சேர்ந்து. முக்கால் மணி நேரம் இருந்தது. ஆட்டோ பிடித்து கிளினிக் போய் ஈசிஜிக்குப் படுத்தேன், நின்றுவிட்டது. ரிப்போர்ட் நார்மல்.

ரெண்டு வருடம் இதே கதை. கேஸ் என்றார் ஒருவர், காலையில் வெறும் வயிற்றில் போட மாத்திரை கொடுத்தார். மாதவிடாய் நிற்கும் வயசு, அப்படித்தான் இருக்கும் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் "டென்ஷன் ஆகாதீங்கம்மா" என்றார், அதைக் கேட்டுத்தான் எனக்கு உண்மையிலேயே டென்ஷன் ஆனது. நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, துடிப்பை விடாமல் பதிவு செய்யும் ஹோல்டர் என்ற கருவியை 24 மணி நேரம் போட்டுக்கொண்டு அலைந்தேன். அன்றைக்கு என் இதயம் அவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தது.

2019-இல் ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தது, விடவில்லை. அரசு மருத்துவமனையில் டியூட்டியில் இருந்த சின்னப் பெண் டாக்டர் பேர், ஊர் கேட்பதற்கு முன்னாடியே ஈசிஜி எடுத்தார். துடிப்பு 156. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் சும்மா நடுங்கிக்கொண்டிருக்கின்றன. அந்தத் தாளை என் கையில் கொடுத்து, "பத்திரமா வைங்க, ஆனா லேமினேட் பண்ணிடாதீங்க, சூட்டுல கறுத்துப் போயிடும், ஜெராக்ஸ் எடுத்துக்குங்க" என்றார். இந்த ஏழெட்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த ஆலோசனை அதுதான். அந்தத் தாள் அப்படியே வைத்தாலும் நாளாக ஆக வெளுத்துவிடும். ஜெராக்ஸ் எடுங்கள், போனில் படமும் எடுத்து வையுங்கள்.

வியாதிக்குப் பேர் கிடைத்துவிட்டது, இனி மாத்திரை போட்டால் சரி என்று நினைத்தேன். மெட்டோப்ரோலால் வேகத்தைக் குறைத்ததே தவிர ஒழுங்கைக் கொண்டுவரவில்லை. மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம், எனக்கு பிரஷரும் சுகரும் வேறு, அதனால் ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் என்ற மாத்திரை. மாதாமாதம் ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு, பார்த்து 2-க்கும் 3-க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும். கீரை இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்று முருங்கைக்கீரையை அடியோடு விட்டுவிட்டேன், அப்புறம்தான் சொன்னார்கள், விட வேண்டாம், வாராவாரம் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும் என்று.

அப்புறம் துடிப்பை ஒழுங்குக்குக் கொண்டுவர அமியோடரோன் மாத்திரை. எட்டு மாதம் நெஞ்சு அடங்கியிருந்தது, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தோம். ஒன்பதாம் மாதம் கை நடுக்கம், ஆறு கிலோ எடை குறைவு, துடிப்பும் திரும்பிவிட்டது. தைராய்டு எகிறியிருந்தது. 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் சுமார் 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறதாம். உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவை 0.15 மில்லிகிராம்தான். துடிப்பை அடக்கப் போட்ட மாத்திரை தைராய்டைக் கிளப்ப, தைராய்டு துடிப்பைக் கிளப்பியது. மாத்திரையை நிறுத்தினாலும் அது உடம்பை விட்டுப் போகப் பல மாதம் ஆகும் என்றார்கள், ஆனது. பலருக்கு இதே மருந்து நன்றாக வேலை செய்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆரம்பிக்கும் முன்பும், அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் தைராய்டு பாருங்கள். எனக்கு யாரும் பார்க்கவில்லை.

எங்கள் ஊர் இதய டாக்டரே ஒரு நாள், "இதுக்குமேல என் கையில இல்ல, ஈ.பி. டாக்டரைப் பாருங்க" என்றார். ஈ.பி. என்றால் எலக்ட்ரோபிசியாலஜி, இதயத்தின் கரன்ட்டை மட்டும் தனியாகப் படித்தவர்கள். இப்படி ஒரு பிரிவு இருப்பதே எனக்குத் தெரியாது. மூன்றாவது வருடம் சொன்னதை முதல் வருடமே யாராவது சொல்லியிருக்கலாம்.

நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை போனோம். அந்த டாக்டர் என் ஜெராக்ஸ் தாளை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார், பிறகு சம்பந்தமே இல்லாமல் என் வீட்டுக்காரரைக் கேட்டார்: "தூக்கத்துல குறட்டை விடுவாங்களா?" இவர் என்னைப் பார்த்தார். சரி சொல்லுங்கள் என்றேன். தூக்கத்தில் மூச்சுத் தடைபட்டால் இந்தத் துடிப்பு அடங்காதாம், அதற்கும் சேர்த்து ஒரு பரிசோதனை.

நுரையீரலிலிருந்து ரத்தம் கொண்டு வரும் நாளங்கள் இடது மேலறையில் சேரும் இடத்தில்தான் பெரும்பாலும் இந்தத் திருட்டு மின்துடிப்பு கிளம்புகிறது, 1998-இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் அதைக் காட்டினார்கள் என்று படம் போட்டு விளக்கினார். என் வீட்டுக்காரர் மோட்டார் காயில் கட்டுகிறவர். "அப்போ மெயின் லைன் நல்லாத்தான் இருக்கு, யாரோ சைடுல கொக்கி போடுறான்" என்றார். டாக்டர் சிரித்துவிட்டு, "கிட்டத்தட்ட அதுதான், ஆனா இவன் கரன்ட்டை இழுக்கல, உள்ள விடுறான். நாங்க அந்த வாயைச் சுத்தி சுட்டு இன்சுலேஷன் போடுறோம்" என்றார். எத்தனை நாளாக நடக்கிறது, எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் என்று நான் எழுதி வைத்திருந்த நோட்டை முழுசாகப் படித்த முதல் டாக்டர் அவர்.

2022-இல் அபிலேஷன், அதாவது அவர் சொன்ன அந்தச் சூடு போடுவது. முதலில் தொண்டை வழியாகக் குழாய் விட்டு ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு தொடை இடுக்கு வழியாக வயர், நாலு மணி நேரம், எனக்கு ஒன்றும் தெரியாது. வலி என்றால் அதற்கப்புறம் ஆறு மணி நேரம் காலை மடக்காமல் மல்லாந்து கிடந்ததுதான். மூன்றரை லட்சத்தில் பாதியை இன்சூரன்ஸ் கொடுத்தது, மீதிக்கு வளையல் பேங்குக்குப் போனது.

இருபதாம் நாள் துடிப்பு திரும்ப வந்தது. அன்று அழுத மாதிரி நான் எப்போதும் அழுததில்லை. போன் செய்தால், "முதல் மூணு மாசத்தைக் கணக்குல சேர்க்க மாட்டோம்மா, சுட்ட புண்ணு ஆறணும்" என்றார்கள். இதை டிஸ்சார்ஜ் அன்றே சொல்லியிருந்தால் என்ன? மூன்று மாதம் கழித்தும் முழுதாக நிற்கவில்லை, அடுத்த வருடம் இன்னொரு முறை சுட்டார்கள். முதல் முறை விட்டுப்போன இடைவெளி இரண்டு இருந்ததாம்.

இப்போதும் அசிட்ரோம் போடுகிறேன். இரவில் மூச்சுக் கருவி மாட்டிக்கொண்டு படுக்கிறேன், பார்க்க யானை மாதிரி இருக்கிறேன் என்கிறாள் பேத்தி. கடைசியாக வந்தது போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, இட்லி மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது, பதினொரு நிமிடம். நோட்டில் எழுதிவிட்டு மிச்ச மாவை வழித்தேன்.