லாசாவில் அம்மாவுடன் ஏழு நாட்கள்

அந்தப் பாட்டியின் கையில் இருந்தது, நம் வீடுகளில் ஆஸ்பத்திரிக்குக் காபி எடுத்துப் போகிற மாதிரியான ஒரு பழைய பிளாஸ்க். திபெத்தின் தலைநகர் லாசாவில், ஜோகாங் என்ற புத்தர் கோயில் வாசலில் காலையிலிருந்தே நின்ற வரிசையில் பலரிடமும் அப்படி ஒன்று இருந்தது. "குளிருக்கு டீ கொண்டு வந்திருக்காங்க போல" என்றார் அம்மா.

உள்ளே போன பிறகுதான் விஷயம் புரிந்தது. சன்னிதிக்கு முன்னால் குத்துவிளக்குத் தட்டைப் போல நாலு மடங்கு அகலமான கிண்ணங்கள். அவற்றில் உருகிய வெண்ணெய் மஞ்சளாகத் தளும்பிக்கொண்டிருக்க, நடுவில் திரிகள் எரிந்தன. பாட்டி பிளாஸ்க் மூடியைத் திருகித் திறந்து, மெதுவாகச் சாய்த்து, ஒரு கரண்டி அளவு ஊற்றினார். உள்ளே இருந்ததும் வெண்ணெய்தான். வீட்டில் காய்ச்சி, வழியில் உறைந்துவிடாமல் இருக்க பிளாஸ்க்கில் எடுத்து வருகிறார்கள். ஒரு விளக்கில் ஊற்றி, உதடு அசைய ஏதோ சொல்லிவிட்டு, அடுத்த விளக்குக்கு நகர்ந்தார். பிளாஸ்க் இல்லாதவர்கள் பாக்கெட் வெண்ணெயை ஸ்பூனால் சுரண்டிப் போட்டார்கள். சனிக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தோடு நவக்கிரகத்துக்குப் போகிற அம்மாவுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஏழாம் நூற்றாண்டில் மன்னர் சோங்சென் காம்போ காலத்தில் எழுந்த கோயில் அது. அவர் மணந்த சீன இளவரசி வென்செங் கொண்டு வந்ததாகச் சொல்லப்படும் ஜோவோ என்ற புத்தர் சிலைதான் அங்கே மூலவர். பன்னிரண்டு வயதுப் புத்தரின் உருவம் என்பது நம்பிக்கை. திபெத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் மக்கள் அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். சிலையின் மடியில் நெற்றியை வைத்துவிட்டு வெளியே வருகிற முகங்களைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

இன்னொன்றும் கவனித்தேன். பாட்டி ஒரு சன்னிதியில் நோட்டு ஒன்றை வைத்துவிட்டு, அங்கே குவிந்து கிடந்த சில்லறை நோட்டுகளிலிருந்து தனக்கு வேண்டிய மீதியை எண்ணி எடுத்துக்கொண்டார். அடுத்தடுத்த சன்னிதிகளில் ஒவ்வொன்றாக வைக்கச் சில்லறை வேண்டுமே. யாரும் காவலுக்கு நிற்கவில்லை. கடவுளிடமே சில்லறை மாற்றிக்கொள்கிற அந்த உரிமை எனக்கு மிகவும் பிடித்தது.

திபெத் போகிறோம் என்றதும் கேட்டவர்கள் எல்லாருமே "கயிலாயமா?" என்றுதான் கேட்டார்கள். இல்லை, லாசா. கயிலாயப் பயணத்துக்கு அம்மாவின் முழங்கால் ஒத்துவராது. ஆனாலும் அந்த மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்ற ஆசை இரண்டு பேருக்கும் வெகு நாளாக இருந்தது. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, செப்டம்பர் கடைசியில் காத்மாண்டு வழியாகக் கிளம்பினோம். வெளிநாட்டவர் திபெத்துக்குள் தனியாகச் சுற்ற முடியாது. பயண நிறுவனம் மூலம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், வழிகாட்டி கூடவே இருக்க வேண்டும். காத்மாண்டுவிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான், ஆனால் இறங்கியதும் கடிகாரத்தை 2 மணி 15 நிமிடம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். திபெத் முழுவதும் பெய்ஜிங் நேரம்தான்.

லாசா 3,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம் ஊட்டியைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். முதல் நாள் எனக்குத் தலை பிளந்தது. படுத்தேன், எழுந்தேன், தண்ணீர் குடித்தேன், அவ்வளவுதான் அன்றைய கதை. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வழிகாட்டி லாசாவிலேயே பிறந்து வளர்ந்த இளைஞர். முதல் நாளிலிருந்தே அம்மாவை 'அமா-லா' என்று கூப்பிட்டார். திபெத்திய மொழியிலும் அம்மாவுக்கு 'அமா'தான். 'லா' மரியாதைக்கு, நம் 'ங்க' மாதிரி. பதிலுக்கு அம்மா அவரைத் 'தம்பி' என்றார். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, அவரும் தன்னைத் தம்பி என்றே சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்.

பழைய நகரத்தின் நடுவில் ஜோகாங்கைச் சுற்றி ஓடுகிற வீதிக்குப் பெயர் பார்கோர். ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். கோயிலுக்குள் ஒரு சுற்று, கோயிலைச் சுற்றிப் பார்கோர், பழைய லாசாவையும் பொட்டாலா அரண்மனையையும் வளைத்து வருகிற லிங்கோர் என்று மூன்று வளையங்கள். வலம் வருவதைக் 'கோரா' என்கிறார்கள். இரண்டாம் நாள் விடியற்காலையில் தூக்கம் வராமல் நான் மட்டும் இறங்கிப் போனேன். பை சோதனையைக் கடந்து வீதியில் கால் வைத்து, எதையும் யோசிக்காமல் வலப்பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டேன். எதிரே கூட்டம் வந்துகொண்டே இருந்தது. யாரும் முறைக்கவில்லை. ஒரு பெரியவர் மட்டும் நின்று, என் தோளைப் பிடித்து, குழந்தையைத் திருப்புவது போல மெதுவாகத் திருப்பிவிட்டு, "இப்படி" என்கிற மாதிரி உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அங்கே விரலை நீட்டி யாரும் சுட்டுவதில்லை. பிரதட்சிணம் செய்து வளர்ந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

வீதியில் ஜூனிபர் என்கிற ஊசியிலைச் செடியின் புகை. பெரிய வெள்ளை அடுப்புகளில் கைப்பிடி கைப்பிடியாகப் பச்சை இலைகளைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். உருளுகிற ஜெபச் சக்கரங்கள், கோடு கோடான வண்ணத் துணியை இடுப்பில் கட்டிய பெண்கள் (கல்யாணமானவர்கள் கட்டுவது), நடுவே ஒரு சத்தம், கல்லில் மரம் சறுக்குகிற சத்தம். விழுந்து வணங்கியபடி வலம் வருகிறவர்கள் கைகளில் மரப் பலகையைச் செருப்பு மாதிரி மாட்டியிருக்கிறார்கள். கைகூப்பி நெற்றி, தொண்டை, நெஞ்சு என்று மூன்று இடத்தில் தொட்டு, முழங்காலிட்டு, பலகையோடு முன்னால் சறுக்கி முழு உடம்பும் தரையில் பட நீள்கிறார்கள். எழுந்து, விரல் நுனி தொட்ட இடம் வரை நடந்து, மறுபடியும். பதினாறு பதினேழு வயதுப் பெண் ஒருத்தி தோல் ஏப்ரன் கட்டிக்கொண்டு இதைச் செய்துகொண்டிருந்தாள். நெற்றியில் காய்த்துப்போய் ஒரு வட்டம். பக்கத்தில் வந்த தங்கை பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டே நடந்தாள். அக்கா எழும்போதெல்லாம் ஒன்றை அவள் வாயில் ஊட்டினாள். நான் கேமராவை வெளியே எடுக்கவில்லை.

ஜோகாங் வாசல் கற்கள் இப்படி விழுந்து எழுந்தவர்களின் உடம்பு பட்டே கண்ணாடி போல வழவழப்பாகிவிட்டன.

பொட்டாலாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஆனால் அதிகம் சொல்லவும் ஒன்றுமில்லை. ஐந்தாவது தலாய் லாமா 1645-இல் கட்டத் தொடங்கியது, பதின்மூன்று அடுக்கு, ஆயிரம் அறை. குறித்த நேரத்துக்குள் பார்த்து முடித்துவிட வேண்டும் என்பதால் கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்தோம். எனக்கு நினைவிருப்பது சுவர்தான். ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் பால், சர்க்கரை, தேன் எல்லாம் கலக்கிறார்கள். ஊர் மக்களே வந்து அடிக்கிறார்கள். சுண்ணாம்பில் கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்த வீட்டில் பிறந்த அம்மா, அந்தச் சுவரைக் கையால் தடவிப் பார்த்தார். இப்போதைய தலாய் லாமா 1959-இல் கிளம்பிப் போன பிறகு அங்கே யாரும் வசிப்பதில்லை. அதைப் பற்றித் தம்பி பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்டுவிட்டு நாம் ஊருக்கு வந்துவிடுவோம், பதில் சொன்னவர் அங்கேதான் இருக்க வேண்டும். திபெத் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

நான்காம் நாள் யாம்ட்ரோக் ஏரிக்குப் போனோம். 4,700 மீட்டருக்கு மேல் இருக்கிற கம்பா லா கணவாயில் வண்டி நின்றது ('லா' என்றால் கணவாயும்கூட). நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று மந்திரம் அச்சிட்ட கொடிகள் காற்றில் படபடத்தன. வானம், காற்று, நெருப்பு, நீர், நிலம். "நம்ம பஞ்சபூதம்" என்றார் அம்மா. டிரைவர் "கி கி சோ சோ, லா கியாலோ!" என்று கத்தினார். தெய்வங்களுக்கே வெற்றி என்று அர்த்தம். அப்புறம் அம்மாவும் கத்தினார்.

திரும்பும் வழியில் தம்பிக்குத் தெரிந்த ஒரு விவசாயக் குடும்பத்தின் வீட்டுக்குப் போனோம். வெளிச்சுவர் முழுக்க வரட்டி. யாக் சாணியைத் தட்டி, விரல் பதிவு தெரிய, வெயிலில் காயவிட்டிருந்தார்கள். மரம் இல்லாத அந்த உயரத்தில் அடுப்புக்கு அதுதான் விறகு. அம்மா சின்ன வயசில் தட்டியது. ஒன்றை எடுத்துப் பார்த்து, "நல்லா காஞ்சிருக்கு" என்று தமிழிலேயே வீட்டுக்காரம்மாவிடம் சொன்னார். அவருக்கும் புரிந்துவிட்டது போல, சிரித்தார்.

உள்ளே நுழையும்போது வாசற்படியை மிதிக்காமல் தாண்டினோம், இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பூஜை மாடத்தில் ஏழு கிண்ணங்களில் தண்ணீர். காலையில் நிரப்பி, மாலையில் கொட்டிக் கவிழ்த்து வைப்பார்களாம். கிண்ணத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே ஒரு பார்லி மணி அளவுதான் இடைவெளி. ஒட்டவும் கூடாது, விலகவும் கூடாது.

பிறகு வெண்ணெய்த் தேநீர். கட்டித் தேயிலையை வெகு நேரம் கொதிக்கவைத்த கஷாயத்தில் உப்பும் வெண்ணெயும் போட்டுக் கடைவது. மூலையில் பித்தளைப் பூண் போட்ட உயரமான மரக் குழாய் நின்றது, கடைகிற மத்தும் உள்ளேயே இருந்தது. ஆனால் இப்போது எல்லாம் மிக்ஸிதான். 'யாக் வெண்ணெய்' என்று நான் சொன்னதும் வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். யாக் என்பது ஆண் மாடு, பால் கறப்பது ட்ரி என்கிற பெண் மாடு என்று தம்பி விளக்கினார்.

தேநீர் என்று நினைத்துக் குடித்தால் ஏமாற்றமாக இருக்கும். சூப் என்று நினைத்துக் குடியுங்கள், பிடித்துப் போகும். நான் ஒரு வாய் குடித்ததும் அந்த வீட்டு அமா-லா "ஷே, ஷே" என்று கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பினார். இன்னொரு வாய், மறுபடியும் நிரம்பியது. விருந்தாளியின் கிண்ணம் காலியாக இருக்கக் கூடாது. போதும் என்றால் தொடாமல் அப்படியே வைத்துவிட்டு, கிளம்பும்போது குடித்தால் போதும். இது தெரியாமல் நான் மரியாதைக்காகக் காலி செய்ய, அவர் மரியாதைக்காக நிரப்ப, ஏழெட்டுக் கிண்ணம் உள்ளே போனது. அந்தக் குளிரில், அந்தக் காற்றில், உப்பும் கொழுப்பும் உடம்புக்குள் இறங்குவது தெரிந்தது. உதட்டு வெடிப்புகூட அன்று மாலைக்குள் எரியவில்லை.

கிண்ணத்தில் மிச்சமிருந்த தேநீரில் வறுத்த பார்லி மாவைப் போட்டுப் பிசைவது ட்சாம்பா. இடது கையில் கிண்ணத்தைச் சுழற்றிக்கொண்டே வலது கை விரலால் மாவை ஓரத்தில் அழுத்தி அழுத்திப் பிசைய வேண்டும், மாவு வெளியே சிந்தாது. எனக்குச் சிந்தியது. அமா-லா என் கிண்ணத்தை வாங்கி, நாலு சுழற்றில் உருட்டி, கையால் அழுத்திப் பிடித்த கொழுக்கட்டையாக என் உள்ளங்கையில் வைத்தார். ஐந்து விரலின் தடமும் அதில் இருந்தது. வறுத்த மாவின் வாசனை அப்படியே நம் சத்துமாவு.

ஐந்தாம் நாள் செரா மடம். இந்தப் பயணத்தில் என்னை உலுக்கியது இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 1419-இல் நிறுவப்பட்ட மடம். மதியம் மூன்று மணி வாக்கில் மரங்கள் நிழல் விழுகிற கூழாங்கல் முற்றத்தில் சிவப்பு அங்கித் துறவிகள் கூடுகிறார்கள். ஒருவர் உட்காருகிறார், ஒருவர் நிற்கிறார். நிற்பவர் கேள்வி கேட்டு, இடது காலை ஓங்கித் தரையில் வைத்து, வலது கையால் இடது உள்ளங்கையில் பளீரென்று அறைகிறார். நூறு பேர் ஒரே நேரத்தில் அறைந்தால் எப்படி இருக்கும்! பார்க்கச் சண்டை மாதிரி. அது தர்க்கப் பயிற்சி. தட்டியதும் நீட்டி நிற்கிற இடது கை துன்பப் பிறவிகளின் கதவை மூடுகிறது, மேலே இழுக்கிற வலது கை உயிர்களைத் தூக்கிவிடுகிறது என்று தம்பி சொன்னார்.

உட்கார்ந்திருப்பவர் நினைத்ததையெல்லாம் பேச முடியாது. நாலே பதில்கள்: ஏற்கிறேன், ஏன், காரணம் பொருந்தவில்லை, அந்தக் காரணத்தால் அது ஆகாது. சின்னப் பையன்களின் முதல் பாடம் நிறங்கள். நிறம் என்றால் சிவப்புதானா? அப்படியானால் வெண்சங்கின் நிறம் சிவப்பா, அதுவும் நிறம்தானே? இங்கேதான் பொறி.

அடுத்து அவர்கள் எல்லாரும் படிக்கிற ஒரு உதாரணத்தைத் தம்பி சொன்னார். புகை தெரிகிற கணவாயில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. மணிமேகலையின் 29-ஆம் காதையில், காஞ்சியில், அறவண அடிகள் அவளுக்குத் தர்க்கம் சொல்லித்தருகிற இடம். பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (உதாரணம்). இந்த மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களையைப் போல.

இது தற்செயல் இல்லை. இந்தத் தர்க்க முறைக்கு அடித்தளம் போட்டவர் திக்நாகர் என்ற பௌத்த அறிஞர். அவர் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர் என்று திபெத்திய மரபே சொல்கிறது. அவர் வழியில் வந்த தர்மகீர்த்தியின் நூலைத்தான் இந்த மடங்களில் வருடக்கணக்காகப் படிக்கிறார்கள். தர்மகீர்த்தியையும் தென்னாட்டவர் என்றே அவர்கள் சொல்கிறார்கள். நம் பக்கத்தில் ஏட்டில் தங்கிவிட்ட ஒன்று இங்கே இன்றும் மதியம் மூன்று மணிக்குக் காலை உதைத்துக் கைதட்டிக்கொண்டிருக்கிறது. 1959-க்குப் பிறகு இந்தியா வந்த செரா துறவிகள் கர்நாடகத்தில் பைலகுப்பேயில் அதே பெயரில் ஒரு மடம் எழுப்பினார்கள், அங்கேயும் இதே வாதம் நடக்கிறது. லாசா போக முடியாதவர்கள் மைசூர் பக்கம் போகும்போது ஒரு மாலை அங்கே போய் உட்காருங்கள்.

அன்று அம்மா ஒரு குட்டித் துறவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். எதிரே உட்கார்ந்திருந்தவர் அவனைப்போல் மூன்று மடங்கு வயதானவர். பையன் கேட்ட கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. பையன் தாவிக் குதித்துத் தட்டினான், அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

கிளம்புகிற நாள் காலை, விமான நிலையத்துக்கு வண்டி எட்டு மணிக்கு. ஆறரைக்கே அம்மா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். முந்தின நாள் கடையில் வாங்கின வெண்ணெய்ப் பாக்கெட்டை ஜோகாங் வாசலில் வரிசையில் நின்ற ஒரு பாட்டியிடம் கொடுத்து, கோயிலைக் காட்டிக் கைகூப்பினார். பாட்டி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பைக்குள் வைத்துக்கொண்டார். பார்கோரில் இரண்டு சுற்று முடிந்தபோது தம்பி வந்துவிட்டார். அவர் கையில் இரண்டு வெள்ளைக் கதாக் துண்டுகள். இரண்டு கையிலும் ஏந்தி, குனிந்து, அம்மாவின் கழுத்தில் போட்டார். எனக்கும் போட்டார். வண்டி தெருமுனையில் நிற்கிறது என்றார்.

"தம்பி, இரண்டோட நிறுத்தக் கூடாது. மூணு ஆகட்டும்" என்றார் அம்மா.

நான் மொழிபெயர்ப்பதற்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. டிரைவருக்கு போன் போட்டுக்கொண்டே, அம்மாவின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, எங்களோடு அவரும் நடக்க ஆரம்பித்தார்.