கலண்டரில் இருந்த கார்

2025 மே 30

கண்டியில் ஒரு மெர்சிடிஸ் பென்ஸ் 240டி விற்பனைக்கு இருக்கிறதென்று தரகர் நேற்றிரவு படம் அனுப்பினார். 1979ஆம் ஆண்டுக் கார். டபிள்யூ123 என்று சொல்லப்படும் வரிசை. 1976 தொடக்கத்தில் வெளிவந்து, 1986 தொடக்கத்தில் உற்பத்தி நிற்பதற்குள் ஏறத்தாழ 27 லட்சம் கார்கள் கட்டினார்கள். அதில் ஒன்று எனக்கு வேண்டும் என்று நான் முடிவெடுத்தபோது எனக்கு ஏழு வயது.

பெரியப்பாவின் மகன் 1984இல் மேற்கு ஜேர்மனிக்குப் போனார். அடுத்த வருடம் அங்கிருந்து ஒரு கலண்டர் வந்தது. மாதத்துக்கு ஒரு கார். அம்மா அதைப் பாடப்புத்தகங்களுக்கு உறை போட எடுத்துக்கொண்டார். நான் அழுது ஒக்டோபர் மாதத்தை மட்டும் காப்பாற்றினேன். பச்சை நிற பென்ஸ், பின்னால் ஊசியிலை மரங்கள், பாதையெங்கும் உதிர்ந்த இலைகள். சோற்றுப் பசை தடவி என் படுக்கைக்கு நேரே சுவரில் ஒட்டினேன். பத்து வருடம் அது அங்கே இருந்தது.

வெளிநாட்டிலிருந்து இப்படிப் பழைய காரை இறக்குவது நடக்காத காரியம். புதியவற்றுக்கே 2020 மார்ச்சில் கதவை மூடி, தனியார் கார்களுக்கு இந்தப் பெப்ரவரியில்தான் திறந்தார்கள். ஆகவே எப்போதோ நாட்டுக்குள் வந்து, யாரோ ஒருவர் பொறுமையாக வைத்திருந்த ஒன்றுதான் நமக்குக் கிடைக்க வேண்டும். மனைவியிடம் சொன்னேன். “பார்க்கத்தானே போகிறீர்கள்?” என்று கேட்டார். பார்க்கத்தான் என்றேன். அவர் நம்பவில்லை என்பது பயணப் பைக்குள் காசோலைப் புத்தகத்தை அவரே வைத்ததில் தெரிந்தது.

ஜூன் 7, கண்டி

உரிமையாளர் ஓய்வுபெற்ற வைத்தியர். காரைக் காட்ட முன்னர் தேநீர் தந்தார். தேநீர் முடியும்வரை காரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

முதலில் பின்விளக்குகளைத் தேடிப் போனேன். இந்தக் காரின் பின்விளக்குக் கண்ணாடி வரிவரியாக மேடும் பள்ளமுமாக இருக்கும். மேட்டில் சேறு அப்பினாலும் பள்ளம் சுத்தமாக இருந்து ஒளியை விடும் என்பதுதான் அதன் கணக்கு. முன்னால் வட்ட விளக்குகள். 1982இல் எல்லா மாதிரிகளுக்கும் செவ்வக விளக்கு வந்துவிட்டது. என் கலண்டரில் இருந்தவை வட்டங்கள், இதிலும் வட்டங்கள். அப்போதே பாதி விலை பேசி முடிந்த மாதிரித்தான்.

மற்றப் பாதி, கீழே குனிந்து பார்த்ததில் கொஞ்சம் ஆட்டம் கண்டது. ஓட்டுநர் பக்கத்துக் கதவின் அடியில் துரு. கால் மிதிக்கும் தகட்டில் ஒரு ஒட்டு. எஞ்சின் நாலு சிலிண்டர் டீசல். சாவியை முதல் நிலைக்குத் திருப்பி, மின்சூடு ஏறும்வரை காத்திருந்து, பிறகு திருப்ப வேண்டும். வைத்தியர் அந்த நேரத்தில் கைக்கடிகாரத்தைக் கூடப் பார்க்கவில்லை. நாற்பது வருடப் பழக்கம். கடகடவென்று ஒரு சிரிப்புடன் எஞ்சின் எழும்பியது.

நிறம் மட்டும் பச்சை இல்லை. வெளிறிய தந்த நிறம், கொஞ்சம் நெய்யும் கலந்தது. பரவாயில்லை, ஊருக்குப் போய்ப் பச்சை அடித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே காசோலை எழுதினேன்.

ஜூன் 8

ஏ9 வீதி கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிகிறது. முழு வீதியையும் ஒரே நாளில் ஒரே காரில் ஓட்டினேன்.

மாத்தளைக்கு அப்பால் மலை இறங்கிய பிறகுதான் காரின் குணம் புரிந்தது. 100 கிலோமீற்றர் வேகத்தை எட்ட இருபது விநாடிகளுக்கு மேல் எடுக்கும் கார் இது. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை, இந்த நாட்டில் ஊருக்கு வெளியே கார்களுக்குச் சட்டம் விட்ட வேகம் 70. அந்த 70இல் இது நாள் முழுவதும் முனகாமல் போகிறது. முச்சக்கர வண்டிகள்கூட முந்திச் சென்றன. சாரதிகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பொசன் பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருந்தபடியால் மிகிந்தலைப் பக்கம் வெள்ளை உடுத்த யாத்திரிகர் கூட்டம். அங்கே ஒரு மணித்தியாலம் ஊர்ந்தோம். வெப்பமானியின் முள் அசையவில்லை.

முறிகண்டியில் நிற்காமல் எந்த வாகனமும் வடக்கே போவதில்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். கச்சான் விற்கும் அம்மா காரைச் சுற்றி ஒரு நடை நடந்து, “நல்ல கட்டான கார் தம்பி” என்றார். 47 வயதில் தம்பி என்று அழைக்கப்படுவதும் இந்தக் காரின் புண்ணியம்தான்.

இந்த வீதி 2002இல் திறந்ததும், 2006 ஓகஸ்ட்டில் மறுபடி மூடியதும், பஸ்ஸில் பெட்டிகளை இறக்கி இறக்கிச் சோதனை கொடுத்ததும் நினைவில் இருப்பவனுக்கு, ஆனையிறவைக் கண்ணாடி இறக்கிக் கடப்பதே ஆடம்பரம். உப்புக் காற்று உள்ளே வந்தது. தகட்டுக்கு அது கூடாது என்று உடனே கண்ணாடியை ஏற்றினேன். வாங்கி ஒரு நாள் ஆகவில்லை, அதற்குள் புத்தி இப்படிப் போகிறது.

ஜூன் 10

ஜேர்மனி அண்ணாவுக்குப் படங்கள் அனுப்பினேன். உடனே அழைத்தார். ஒரு நிமிடம் சிரிப்பு மட்டும் கேட்டது.

“டேய், இது டாக்சி!”

மேற்கு ஜேர்மனியில் 1971இலிருந்து டாக்சிகளுக்கு இந்தத் தந்த நிறத்தைத்தான் விதித்திருந்தார்களாம். எண்பதுகளில் ரயில் நிலைய வாசல்களில் வரிசையாக நின்றவை பெரும்பாலும் இதே டபிள்யூ123 டீசல்கள். உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு நடுச்சாமத்தில் பஸ் இல்லாதபோது, நாலு பேராகக் காசு சேர்த்து இதில்தான் வீட்டுக்குப் போவார்கள். “கூரையில் மஞ்சள் பலகை ஒன்றை வை. நான் வந்து வரிசையில் நிற்கிறேன்” என்றார்.

நான் விடவில்லை. கிரேக்க நாட்டில் ஒரு டாக்சிக்காரர் இதற்கு முந்திய உருவத்தில் வந்த 1976ஆம் ஆண்டு 240டியில் 46 லட்சம் கிலோமீற்றர் ஓடி, 2004இல் அதை பென்ஸ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த கதையைச் சொன்னேன். டாக்சி என்றால் அதுதான் பெருமை. செல்வந்தர் வைத்திருந்ததால் ஒரு கார் நல்ல கார் ஆகிவிடாது, காலை ஐந்து மணிக்குக் கூலிக்கு எழும்பும் கார்தான் நல்ல கார் என்று வாதாடினேன். பேசி முடித்த பிறகு, நான் பேசியதை நானே நம்புவது தெரிந்தது.

ஆனாலும் பச்சைதான் அடிக்கப் போகிறேன்.

ஜூன் 21

பெரியம்மா வீட்டுக்கு, இணுவிலுக்கு, காரைக் காட்டப் போனேன். படலையடியில் நிறுத்தி, சாவியை வெளியே எடுத்தேன். எஞ்சின் நிற்கவில்லை.

சாவி கையில். கார் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. திரும்பப் போட்டுத் திருப்பினேன், எடுத்தேன். அது பாட்டுக்கு ஓடியது. ஒழுங்கைச் சனம் முழுவதும் வெளியே வந்துவிட்டது. ஒருவர் பற்றரியைக் கழற்றச் சொன்னார். அது டீசலுக்கு உதவாது, பொறி வைத்து எரிக்கும் எஞ்சின் இல்லை இது. இன்னொருவர் தண்ணீர் ஊற்றச் சொன்னார். பெரியம்மா விபூதி கொண்டுவந்தார்.

பானட்டைத் திறந்து பார்த்தால் எஞ்சினின் மேல் ஒரு சிறு நெம்பு, பக்கத்தில் ஸ்டொப் என்ற எழுத்து. ஜேர்மனியர்களுக்கு இந்த நாள் வரும் என்று தெரிந்திருக்கிறது. அழுத்தினேன், நின்றது. விபூதிக்குத்தான் பெயர் போனது.

ஜூலை 5

கொக்குவில் கராச்.

இந்தக் காரில் எஞ்சினை நிறுத்துவதே வெற்றிடம்தான். சாவியைத் திருப்பினால் ஒரு குழாய் வழியே உறிஞ்சல் போய் டீசலை அடைக்கும். அதே உறிஞ்சல்தான் கதவுப் பூட்டுகளையும் நடத்துகிறது. எங்கேயாவது ஒரு ரப்பர் இணைப்பு வெடித்தால் கதவுப் பூட்டின் நோய் எஞ்சினில் தெரியும். கராச் அண்ணை குழாய்களை ஒவ்வொன்றாக வாயால் உறிஞ்சிப் பார்த்து, பின்கதவுக்குப் போகும் இணைப்பைப் பிடித்தார். புதிய ரப்பர் விரல் நீளம்கூட இல்லை.

மின்சூட்டுப் பிளக்குகளையும் பார்த்தார். 1980க்கு முந்தியவை தொடராக இணைக்கப்பட்டவை. கோயில் திருவிழாவின் பழைய மின்விளக்கு மாலையில் ஒரு பல்ப் போனால் மாலையே அணைவதுபோல, ஒன்று எரிந்தால் நாலும் செத்துவிடும். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் சொல்லி வைத்தால் கிடைக்கும் என்றார்.

அவருடைய கை இந்தக் கார்களில் பழகிய கை இல்லை. அவர் ஒஸ்டின், மொறிஸ் காலத்து ஆள். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடையாது. சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலைத் துளித்துளியாக ஊற்றி எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். அந்தப் புகையின் மணம் அந்த வருடங்களில் யாழ்ப்பாணம் முழுவதும் இருந்தது. “நோயாளிகளைக் கொண்டுபோனது அந்தக் கார்கள்தான். எந்த பென்ஸ் வந்தது?” என்று என் காரின் மூக்கில் தட்டினார். பதில் சொல்ல முடியாத கேள்வி. அப்போது என் பென்ஸ் சுவரில் இருந்தது.

ஜூலை 19

பெயர் மாற்றம், காப்புறுதி, புகைச் சான்றிதழ், பிரதேச செயலகத்தில் வரி அனுமதிப்பத்திரம். எழுத ஒன்றுமில்லை.

இலக்கத் தகட்டைப் பற்றி மட்டும். பழைய முறை இலக்கம், நடுவில் சிங்கள ஸ்ரீ. 1957இல் அந்த எழுத்தை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி போராட்டம் நடத்தியது, தார் கொண்டு அழித்தார்கள். அப்பப்பாவும் தார் வாளியுடன் போனவர் என்று வீட்டில் சொல்வார்கள். பேரன் அதே எழுத்துள்ள தகட்டைத் துணி போட்டுத் துடைக்கிறான். பழைய கார் விரும்பிகளுக்கு இப்போது அந்த எழுத்துத்தான் மதிப்பு, அது இல்லாவிட்டால் விலை குறையும். அப்பப்பா இருந்திருந்தால் காரில் ஏறியிருப்பார், தகட்டுப் பக்கம் வந்திருக்க மாட்டார்.

ஓகஸ்ட் 3

நல்லூர்த் திருவிழா தொடங்கிவிட்டது. கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் விடுவதில்லை. கார் வளவில் நிற்கிறது. அச்சகத்திலும் துண்டுப் பிரசுர வேலைகள் முடிந்தன. நிறத்தைத் தீர்மானிக்க உட்கார்ந்தேன்.

இந்த வரிசைக்கு அந்தக் காலத்தில் வந்த வர்ணங்களின் அட்டையை இணையத்திலிருந்து எடுத்துப் பார்த்தேன். பச்சைகள் பல இருக்கின்றன. என் பச்சை இல்லை. என் பச்சையில் நீலம் தூக்கலாக இருக்கும், ஆழமான குளத்தின் நிறம். அட்டையில் இருப்பவை பெரும்பாலும் மஞ்சள் கலந்த இலைப் பச்சைகள்.

இருபத்தைந்து வருடம் அச்சுத் தொழில் செய்பவனுக்கு இது விளங்க ஒரு மாலை முழுவதும் எடுத்தது. வண்ணப் படம் என்பது நாலு மையின் புள்ளிகள்: நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு. வெயில் பட்டால் எல்லாம் ஒரே வேகத்தில் வெளிறுவதில்லை. மஞ்சளும் செந்நீலமும் முதலில் ஓடும், நீலமும் கறுப்பும் கடைசிவரை நிற்கும். சலூன் சுவர்களில் நடிகர்கள் நீலமாகிப் போவது இதனால்தான். என் படுக்கை கிழக்கு யன்னலோரம். பத்து வருடக் காலை வெயில் ஒக்டோபர் மாதத்தின் மஞ்சளைத் தின்றுவிட்டது. உதிர்ந்த இலைகளும் சாம்பல் நீலமாகத்தான் நினைவில் இருக்கின்றன. அதை அப்போதும் நான் விசித்திரமாக நினைக்கவில்லை, வெளிநாட்டு இலைகள் அப்படித்தான் என்று இருந்தேன். தடைக் காலத்தில் கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அச்சடித்த ஊரில், அந்தப் பளபளப்புத் தாளில் இருந்த எந்த நிறமும் எனக்கு உண்மையாகத்தான் தெரிந்தது.

படத்தை ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு ஊரோடு தென்மராட்சிக்கு நடந்தோம். அடுத்த வருடம் திரும்பியபோது வீட்டில் கூரையும் இல்லை, நிலைகளும் இல்லை. மழை குடித்த சுவரில் கலண்டரைத் தேடும் நிலையில் அன்று யாரும் இருக்கவில்லை.

ஆக, நான் அடிக்கப் போன நிறத்தில் ஒரு கார் எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் வெளிவரவில்லை. அதை வேண்டுமானால் நான் கலந்து உண்டாக்கலாம், எனக்கு அந்த வேலை தெரியும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு நிற மாற்றம் என்று விண்ணப்பித்தால் பதிவும் செய்வார்கள். ஆனால் தந்த நிறத்துக்குக் கீழே 46 வருடத் தகடு ஒளிக்காமல் தன் துருவைக் காட்டிக்கொண்டிருக்கிறது. மேலே பச்சை பூசிவிட்டால் அடுத்த துரு உள்ளே இருந்து வெடிக்கும்வரை தெரியாது. கராச் அண்ணை இதை முன்னரே சொல்லியிருந்தார், எனக்குத்தான் அன்று காதில் ஏறவில்லை.

ஓகஸ்ட் 24

மைத்துனியின் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளையை அழைத்துவர பென்ஸ் வேண்டுமாம். இந்த ஊரில் பழைய கார் வைத்திருப்பவனுக்கு இது தப்பாத கடமை. சரி என்றேன். கறுப்பு அடித்தால் இன்னும் வடிவாக இருக்கும் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லி அனுப்பினார்கள். இல்லை என்றேன். மாப்பிள்ளை டாக்சியில் வரட்டும், வாடகை வாங்க மாட்டேன்.

காலையில் வர்ணம் அடிப்பவர் வந்தார். கதவின் அடித் துருவை வெட்டி, புதுத் தகடு ஒட்டியாயிற்று. அந்த ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் பழைய நிறத்தோடு பொருந்த வர்ணம் கலக்க வேண்டும். அவர் வெள்ளையில் மஞ்சளை ஊற்றிக் கலக்கியது கஸ்டர்ட் மாதிரி வந்தது. டின்னை நான் வாங்கிக்கொண்டேன். காவி கொஞ்சம், சிவப்பு குச்சி முனையளவு, கறுப்பு அதிலும் பாதி. காய்ந்த பிறகு வெயிலில் பிடித்துப் பார்த்தோம். இன்னும் ஒரு சொட்டுக் காவி தேவை என்றார் அவர். வேண்டாம் என்றேன் நான். வாதம் மத்தியானச் சாப்பாடு வரை போயிற்று. நாளை இருவர் கலவையையும் அடித்துப் பார்க்கப் போகிறோம்.