இரைச்சலுக்கு நடுவே ஒரு மேசை

மார்ச் 7, வெள்ளி

புதிதாகத் திறந்திருக்கும் உணவகம் ஒன்றில் இரவு எட்டரை மணிக்கு நண்பனைச் சந்தித்தேன். நாற்புறமும் கண்ணாடி, தலைக்கு மேல் பூசாத கான்கிரீட், காலடியில் பளிங்கு. திரைச்சீலையோ விரிப்போ மருந்துக்கும் இல்லை. படங்களில் அத்தனை அழகாகத் தெரிந்த அந்தக் கூடத்தில், ஒரு கரண்டி கீழே விழுந்தால்கூட அந்த ஒலி சுவருக்குச் சுவர் மோதி எங்கள் மேசைக்கே திரும்பி வந்தது. அவன் எதையோ நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தான். பாதி காதில் விழுந்தது. மீதிக்குச் சிரித்துத் தலையாட்டி வைத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் அவன் அழைத்தான். அன்றிரவு அவன் சொன்னது, வேலையை விட்டுவிட்ட செய்தியை. "அதைக் கேட்டுச் சிரித்தவன் நீ ஒருவன்தான்" என்றான். கூசிப்போனேன்.

மார்ச் 10, திங்கள்

சுற்றிலும் சத்தம் கூடும்போது மனிதர்கள் தம்மையறியாமலே குரலை உயர்த்துகிறார்கள் என்பதை 1911-இல் எத்தியேன் லோம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் விளக்கியிருக்கிறார். லோம்பார் விளைவு என்றே அதற்குப் பெயர். ஒரு மேசை குரலை உயர்த்தினால் அடுத்த மேசையும் உயர்த்தும், அதைக் கேட்டு முதல் மேசை இன்னும் உயர்த்தும். வெள்ளிக்கிழமை அந்தக் கூடத்தில் யாரும் கத்த வேண்டும் என்று வந்திருக்க மாட்டார்கள்.

மார்ச் 15, சனி

ஒரு மதுக்கூடத்தில் கைப்பேசிச் செயலியை வைத்து அளந்து பார்த்தேன் (இது துல்லியமான கருவி அன்று). ஏழு மணிக்கு 68 டெசிபெல், ஒன்பதரைக்கு 86. இயல்பான பேச்சு 60 டெசிபெல் அளவில்தான் இருக்கும். கூட்டம் சேரச் சேர, பாட்டின் ஒலியையும் ஏற்றிக்கொண்டே போனார்கள். 85 டெசிபெலில் எட்டு மணி நேரம் வரை வேலை செய்யலாம், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல நிறுவனத்தின் பரிந்துரை. நான் இரண்டு மணி நேரத்தில் எழுந்து வந்துவிட்டேன். என் மேசைக்குப் பரிமாறிய பெண், கடை மூடும்வரை அங்கேயே நிற்க வேண்டும்.

மார்ச் 22, சனி

இம்முறை இடத்தை நானே தேர்ந்தெடுத்தேன்: பஞ்சு வைத்த இருக்கைகளும் கனத்த திரைகளும் உள்ள, வெளிச்சம் சற்று மங்கலான பழைய உணவகம். ஆறரைக்கே போய், ஒலிபெருக்கிக்கு எட்டாத மூலை மேசையைக் கேட்டு வாங்கினேன். அவன் கதையை முதலிலிருந்து சொன்னான். மேலதிகாரியோடு நடந்த கடைசிப் பேச்சைத் தாழ்ந்த குரலில் சொன்னதுகூடத் தெளிவாகக் கேட்டது. எட்டு மணிக்குப் பக்கத்து மேசையில் பத்துப் பேர் பிறந்தநாள் கொண்டாட வந்து அமர்ந்தார்கள். அவன் குரல் மெல்ல உயரத் தொடங்கியதும் நான் பில்லைக் கொண்டுவரச் சொன்னேன். மீதியைத் தெருவில் நடந்தபடியே சொன்னான்.