சேர் தேடிய ஆட்டக்காரன்

மன்னாரில் எங்கள் பாடசாலை அணிக்கு உதைபந்தாட்டம் பழக்கிய சேர், கோல் அடித்தவனைத் தட்டிக்கொடுத்த கையோடு கேட்பார்: "பந்தைக் குடுத்தது ஆரடா?" பந்து காலுக்கு வரமுன்னமே தலையை நிமிர்த்தி, ஆர் எங்கே நிற்கிறான் என்று பார்த்துவிட வேண்டும் என்பது அவர் பாடம். அதை அச்சொட்டாக ஆடிக்காட்டிய ஒருவரை, குவைத்துக்கு வேலைக்கு வந்த பிறகுதான் கண்டேன். சிரியாவின் நடுக்கள வீரர் ஜிஹாத் அல்-ஹுசைன்.

1982 இல் பிறந்தவர், சிரியாவின் ஹோம்ஸ் நகரத்துக்காரர். அவர் ஆடிய அந்த ஊர்க் கழகமான அல்-கராமா 2006 இல் ஆசிய சம்பியன்ஸ் லீக் இறுதிவரை போனது. காலிறுதியும் இறுதியும் இரு அணிகளின் ஊரிலுமாக இரண்டு ஆட்டங்கள்; கோல்களைக் கூட்டித்தான் வெற்றி. காலிறுதியில் எதிரணி, அதற்கு முந்திய இரண்டு ஆண்டும் கிண்ணம் தூக்கிய ஜித்தாவின் அல்-இத்திஹாத். அங்கே 0–2 என்று தோற்றவர்கள், ஊருக்கு வந்து மேலதிக நேரத்தில் 4–0 ஆக்கினார்கள். இறுதியில் தென்கொரியாவின் ஜியோன்புக்கிடமும் முதலில் 0–2. ஹோம்ஸில் அந்த இரண்டையும் திருப்பி அடித்துவிட்டு, முடியும் தறுவாயில் ஒரு கோல் வாங்கிக் கிண்ணத்தை இழந்தார்கள். இன்று நினைத்தாலும் மனம் ஆறவில்லை.

2010 நவம்பரில் குவைத்தில், ஆசியக் கழகங்களுக்கான இன்னொரு போட்டியான ஏஎஃப்சி கிண்ணத்தின் இறுதி. ஜிஹாத் குவைத்தின் காத்சியா அணியில். எதிரே அவருடைய நாட்டு அணியே, சிரியாவின் அலெப்போ நகர இத்திஹாத். என்னோடு வந்த ஹோம்ஸ் நண்பர் ஜிஹாத்தின் காலில் பந்து பட்டபோதெல்லாம் எழும்பிக் கத்தினார். நான் பார்த்தது பந்தை அல்ல, ஜிஹாத்தின் கழுத்தை. பந்து வரமுன் வலப்பக்கம் ஒரு பார்வை, இடப்பக்கம் ஒரு பார்வை. பிறகு ஒரே தட்டு. ஓடுகிறவனின் முன்னாலேயே பந்து கிடக்கும். ஆட்டம் 1–1, பெனால்டியில் அலெப்போ வென்றது. நண்பர் அதற்கும் அழுதழுது கைதட்டினார்.

அடுத்த ஆண்டு சிரியாவில் போர் தொடங்கியது. ஹோம்ஸின் பழைய நகரம் 2014 வரை முற்றுகையில் கிடந்தது. ஊர் இடிபட, பிறத்தியார் மண்ணில் ஆடிப் பிழைப்பது என்னவென்று எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஜிஹாத் சவூதியில் நஜ்ரானுக்கு ஆடி, பிறகு புரைதாவின் அல்-தாவூனுக்குப் போனார். பெரிய பணமில்லாத அந்த அணி 2015–16 பருவத்தில் லீக்கில் நான்காவதாக வந்து, முதன்முறையாக ஆசிய சம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி பெற்றது. அப்போது அவருக்கு வயது 33. அந்த அணியின் கோல்களைப் பார்க்கும்போதெல்லாம், அடித்தவனை விட்டுவிட்டு, கொடுத்தது ஆர் என்றே தேடினேன். அநேகமாக அவராகத்தான் இருந்தார்.